செவ்வாய்ச் சந்தையும் கோத்தர் குழலும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் காரியதரிசியவர்கள் சென்ற மாதம் எம் இல்லத்திற்கு வந்து, இவ்வாண்டுக் கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுதல் வேண்டுமென்று பணித்தபோது, திருக்குறளைப் பற்றியோ சிலப்பதிகாரத்தைப் பற்றியோ பேசலாமென்றே யாம் எண்ணினோம். தமிழாசிரியனிடம் பிறர் எதிர்பார்ப்பதும் அதுவேயன்றோ? ஆனால் அவர் கேட்டது வேறு. நம் ஹட்டிகளில் காய்கறி பயிரிடுவோர் தம் விளைவைத் தாமே கொணர்ந்து விற்கும்பொருட்டு, மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்து முன்றிலில் ஒரு சந்தை கூட்டுவதென்று நிர்வாக சபையார் கருதியிருப்பதையும், வருவோர் மனங்களிக்க அங்கே இசையும் வேண்டுமென்று இளைஞர்கள் கேட்பதையும் அவர் தெரிவித்தார். “பழைய சந்தையைப் பற்றி நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள், எந்த இசை என்பதைப் பிறகு தீர்மானிப்போம்” என்றார்.

ஒலிபெருக்கி ஒன்றுக்கும் திரைப்பாட்டுக் குழு ஒன்றுக்கும் நம் இளைஞர் சிலர் முன்னரே விலை பேசியிருப்பதாகவும் பின்னர் அறிந்தோம். அதுபற்றி எமக்கு வருத்தமில்லை. ஆயினும் முன்பணம் கைமாறுவதற்கு முன்னே ஒரு செய்தியை இச்சபையில் வைத்துவிட விரும்புகின்றோம். அது முழுதும் இனிக்கும் செய்தியன்று என்பதையும் இப்பொழுதே சொல்லிவிடுகின்றோம்.

எம் இளமையில் செவ்வாய்க்கிழமை என்பது சந்தையின் மறுபெயராகவே இருந்தது. உதகையில் நாள்தோறும் கடைகள் திறந்திருந்தபோதிலும், முன்னாளில் வாரச் சந்தை கூடிய நாள் செவ்வாயாதலின், எம் பாட்டியார் வேறு நாளில் போகமாட்டார். திங்கள் மாலையே மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார். அவரைக்காய், பட்டாணி, முள்ளங்கி, மலைப்பூண்டு என ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் முடிவார். உருளைக்கிழங்கு மட்டும் சாக்கில் இருக்கும். விடியற்காலையில் பனி வெண்மையாய்ப் படிந்த வரப்பின்மீது வெறுங்காலோடு நடந்து கேத்தி இரயில் நிலையத்தை அடைவோம். குன்னூரிலிருந்து ஏறிவரும் வண்டி, கண்ணுக்குத் தோன்றுமுன் காதுக்குத் தோன்றும். அக்காலத்து நீராவி எஞ்சின் ஏற்றத்தில் மூச்சுவாங்கும் ஓசை பள்ளத்தாக்கு முழுதும் பரவும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், அங்கிருந்து உதகை வரை 1908-இலும் திறக்கப்பெற்ற அம்மலைப் பாதை, 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. இன்று அதில் ஏறுவோர் பெரும்பாலும் படம் பிடிப்போர். எம் பாட்டியார்க்கு அது பூண்டு மூட்டை ஏற்றும் வண்டி.

உதகை நிலையத்தில் இறங்கிப் பந்தயத் திடலின் ஓரமாய் நடந்து அங்காடிக்குள் நுழைந்தால் முதலில் எதிர்கொள்வது மணம். ஈரச்சாக்கு, முட்டைக்கோசின் அழுகிய புறவிதழ், காய்ந்த மீன், யூக்கலிப்டஸ் தைலம், வறுத்த காப்பிக்கொட்டை ஆகிய இவையெல்லாம் சேர்ந்த ஒரு மணம். கண்ணைக் கட்டி எம்மை எங்கே விட்டாலும் அம்மணத்தைக் கொண்டே அவ்விடத்தை இன்றும் சொல்லிவிடுவோம். அடுத்தது ஓசை. தமிழும் கன்னடமும் மலையாளமும் தெலுங்கும் உருதுவும் நம் படுகும் ஒருங்கே விலை பேசும். தகரக் கூரையில் மழை விழுந்தால் எல்லாரும் ஒருசேரக் குரலை உயர்த்துவர். மழை நின்றபின்பும் சிறிதுநேரம் அக்குரல் தாழாது. அதைக் கேட்டுச் சிரிப்பது எமக்கு ஒரு விளையாட்டு.

அங்காடியை அடுத்து மாரியம்மன் கோயில் உள்ளது. அக்கோயிலே சந்தையின் குழந்தை என்பது நம்மில் இளையோர் பலர்க்குத் தெரியாது. முன்னொரு செவ்வாய்ச் சந்தையில் வடக்கேயிருந்து வந்த ஒளிமிக்க பெண்டிர் இருவர் தங்குதற்கு இடம் கேட்டனர் என்றும், வணிகர் ஒரு மரத்தடியைக் காட்ட, அங்கே சென்ற அவ்விருவரும் ஒளியாய் மறைந்தனர் என்றும், பின்னர் வணிகர் அங்கே கோயில் எடுத்தனர் என்றும் தலவரலாறு கூறும். அதனால் மாரியம்மனும் காளியம்மனும் ஒரே பீடத்தில் வீற்றிருக்கின்றனர். தெய்வமே சந்தைக்கு வந்து இடம் கேட்ட ஊர் நம்முடையது! சித்திரைத் தேரும் செவ்வாயிலேதான் ஓடும். அதற்கு முன் ஏறத்தாழ ஒரு மாத காலம், நாளுக்கு ஒரு சமூகத்தாராக உபயம் நடத்துவர். ஒரு நாள் நாதசுரமும் தவிலும், ஒரு நாள் செண்டை, மற்றொரு நாள் நம்மவர் வெள்ளாடை உடுத்து வட்டமாய் ஆடிவரும் ஆட்டம். அங்காடியில் தராசு பிடித்த கையோடு கடைக்காரர் வாயிலில் வந்து நின்று பார்ப்பர். விலை நடுவில் நிற்கும். வாங்க வந்தவரும் வாய் திறவார். ஊர்வலம் கடந்தபின் விட்ட இடத்திலிருந்து பேரம் தொடங்கும். இசை கேட்பதற்கென்று எம் பாட்டியார் தம் வாழ்நாளில் ஒருகாசு செலவிட்டவரல்லர். ஆயினும் அவர் கேட்ட இசைக்குக் கணக்கில்லை.

தேர் நாளில் மக்கள் தேரின்மேல் உப்பை வீசுவது அவ்வூர் வழக்கம். எமக்கு அது வியப்பாயிருக்கவில்லை. ஆவினங்களுக்கு உப்புநீர் ஊட்டும் உப்பு ஹப்பத்தைக் கொண்டாடுகின்ற குலத்திற் பிறந்தோம் நாம். மலையில் விளையாத ஒரு பொருள் உப்பு. அதற்காகவே நம் முன்னோர் கீழ்நாட்டாரை நாடினர். சந்தை என்பதன் முதல் எழுத்தே மலைவாணர்க்கு உப்பு என்று கூறினும் பிழையாகாது.

இனி, எம் நெஞ்சில் நெடுங்காலமாகக் கிடக்கும் செய்திக்கு வருகின்றோம்.

அங்காடியின் பின்புறத்தில், இறைச்சிக் கடைகளுக்குச் செல்லும் சந்தின் தலைப்பில், கோத்தர் முதியவர் ஒருவர் செவ்வாய்தோறும் வந்து அமர்வார். அவர்முன் ஒரு சாக்கின்மேல் நாலைந்து அரிவாள்களும் களைக்கொத்துகளும் பரப்பியிருக்கும். வாங்குவோர் அருகினர். கோயமுத்தூரிலிருந்து வந்த ஆலைக் கருவிகள் அடுத்த கடையில் பாதி விலைக்குத் தொங்கின. வாணிகம் இல்லாத நேரத்தில் அவர் தம் தோற்பையிலிருந்து புகிரி என்னும் மூங்கிற்குழலை எடுத்து ஊதுவார். எவரையும் நோக்கி ஊதமாட்டார். முன்னே துணி விரித்துக் காசும் கேட்கமாட்டார். தமக்கே பேசிக்கொள்வதுபோல் இருக்கும் அவ்விசை. மூன்று நான்கு சுரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, முடிந்ததென்று நாம் எண்ணும்போது மீண்டும் தொடங்கும். பத்து வயதுச் சிறுவனுக்கு அதில் என்ன விளங்கும்? ஆயினும் எம் கால்கள் அங்கே நின்றுவிடும்.

எம் பாட்டியார் தம் மூட்டைகளை விற்று முடித்ததும் நேரே அவரிடம் செல்வார். மடியிலிருந்து ஒரு துணிமுடிப்பை எடுத்து, அதிலிருந்த உலர்ந்த அவரைப் பருப்பை அவருடைய பையிற் கொட்டுவார். அரைப்படி இருக்கும். வீட்டிலேயே அளந்து முடிந்துவந்த அரைப்படி அது. அவர் நன்றி சொல்லமாட்டார், இவரும் எதிர்பார்க்கமாட்டார். இருவரும் மழை, பயிர், யார் வீட்டில் யார் இறந்தார் என்று சிறிது பேசுவர். ஒருநாள் திரும்பும்போது, “அந்தக் கிழவர்க்கு ஏன் பிச்சையிடுகின்றீர்கள்?” என்று யாம் கேட்டோம். பாட்டியார் நடுவழியில் நின்றுவிட்டார். “பிச்சையன்று, பிள்ளாய். கடன். நம் வீட்டார் கொடாமல் விட்ட கடன்” என்றார். மேலும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கடன் யாதென்பதை யாம் பின்னாளில் பெரியோர் வாயிலாகவும் நூல்கள் வாயிலாகவும் சிறிது சிறிதாக அறிந்தோம்.

இம்மலையில் சந்தை தோன்றுமுன் கொடுக்கல் வாங்கல் இல்லாமலில்லை. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி, அதன்பின் உருளையும் கோசும் இங்கே வேரூன்றுவதற்கு முன்னே, நம்மவர் ராகியும் சாமையும் வாற்கோதுமையும் விளைத்தனர். தோதவர் நெய் தந்தனர். குறும்பர் தேனும் கூடையும் தந்தனர். கோத்தரோ நமக்குக் கலப்பைக் கொழுவும் அரிவாளும் அடித்துத் தந்தனர்; அவர்தம் மகளிர் பானை வனைந்து தந்தனர்; நம் மணத்திலும் பிணத்திலும் விழாவிலும் அவர்களே வந்து இசைத்தனர். கொள் என்னும் குழலும், வளைந்த பித்தளைக் கொம்பும், முழவும், தீயிற் காய்ச்சிச் சுருதி கூட்டிய தபட்டையும் இன்றி நம் முன்னோர் எவரும் மண்ணுலகை விட்டுப் போனாரில்லை. ஒவ்வொரு படுகர் குடும்பத்திற்கும் முட்டுக் கோத்தர் என ஓர் உரிமைக் குடும்பம் இருந்தது. விளைச்சல் காலத்தில் அக்குடும்பத்திற்குரிய தானியத்தை அளந்து கொடுத்தல் முறை. அத்தானியம் அரிவாளுக்கும் பானைக்கும் விலையா, இசைக்கு விலையா என்று எவரும் பிரித்துக் கணக்கிடவில்லை. பிரிக்கவும் இயலாது.

தொல்காப்பியனார் ஒரு நிலத்திற்குரிய கருப்பொருள்களை வகுக்கும்போது, தெய்வத்தையும் உணவையும் தொழிலையும் பறையையும் யாழையும் ஒரே நிரலில் நிறுத்தினார். குறிஞ்சி நிலத்துக்குத் தொண்டகப்பறையும் குறிஞ்சியாழும் உரியன என்பர் உரையாசிரியர். இதனை மாணாக்கர்க்குப் பல்லாண்டு பாடஞ்சொல்லி வந்த யாம், உணவும் பறையும் ஏன் ஒரு வரிசையில் வந்தன என்று ஒருகாலும் எண்ணிப்பார்த்ததில்லை. பாட்டியாரின் அரைப்படி அவரையை நினைத்தபோதே அது விளங்கிற்று. புலவர் தேர்வில் தேறியவர்க்கும் சிலவற்றை எழுத்தறியாதாரே கற்பிக்கவேண்டியிருக்கின்றது!

ஆயின், பழமை என்பதனாலேயே அதனைப் பொன்னென்று போற்றுதல் நேர்மையன்று. அவ்வுறவு சமநிலை உறவன்று. கோத்தரை நம் முன்னோர் தமக்குத் தாழ்ந்தவராகவே வைத்தனர். அவர் இசையின்றி நம் சடங்கு நடவாது. ஆயினும் அவர்க்கு நம் வீட்டுத் திண்ணையில் இடமில்லை. இசைக்கும் கைகளை வேண்டி, அக்கைகளுக்குரியவரை விலக்கி வைத்தோம். சந்தை வந்ததும் அவ்வுறவின் கட்டு அவிழத் தொடங்கியது. இரும்புக் கருவியும் பானையும் சந்தையில் காசுக்குக் கிடைத்தபின், முட்டுக் கோத்தரின் தேவை நமக்குக் குறைந்தது. அதே சந்தையில் கோத்தரும் தம் உருளைக்கிழங்கை விற்று, நம் தானியத்தை எதிர்பாராமல் வாழக் கற்றனர். அவ்வளவில் சந்தை அவர்க்கும் விடுதலை தந்தது என்பதை மறுத்தலாகாது. தராசு எவர் குலத்தையும் கேட்பதில்லை.

எஞ்சியது இசை ஒன்றே. அதனையும் நாமே அறுத்தோம். 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் நம்மவருள் ஒரு பெரும் பிளவு உண்டாயிற்று. கல்வி கற்றுச் சீர்திருத்தம் வேண்டிய ஒரு சாரார், கோத்தர் இசை நமக்கு இழிவு, அதனை நிறுத்தவேண்டும் என்றனர். பழமை பேணிய மற்றொரு சாரார், இசையின்றிப் பிணம் எடுத்தல் பாவம் என்றனர். ஊர்கள் இரண்டுபட்டுக் கைகலப்பும் நேர்ந்தது. அக்காலத்தே கோத்தரிடையே தங்கி ஆராய்ந்த டேவிட் மாண்டல்பாம் என்னும் அமெரிக்க மானிடவியலார் இதனைப் பதிந்துவைத்துள்ளார். நம் வீட்டுச் சண்டையை அயல்நாட்டார் எழுதியதைப் படித்து அறியும் நிலையில் நாம் இருக்கின்றோம். முடிவில் பெரும்பாலான ஹட்டிகளில் இசை நின்றது.

கோத்தர்க்கு அது எவ்வாறு இருந்திருக்கும் என்று நம்மில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1924-இல் விட்டுவிட்டு வரும் காய்ச்சல் கொள்ளைநோயாய்ப் பரவி அவர்களிற் பலரை மாய்த்திருந்தது. ஏழே ஊர்களில் வாழும் சிறு குலம் அவர்களுடையது. இன்றும் ஈராயிரம் பேர் அளவினரே. அக்குலத்திலும் சீர்திருத்தம் வேண்டினோர் இருந்தனர். சுல்லி என்னும் கோத்தர் பள்ளியாசிரியர் அவருள் தலையாயவர். அவர் வாய்மொழியாகச் சொன்ன கதைகளையே எமனோ என்னும் மொழிநூற் பேரறிஞர் எழுதிக்கொண்டு, 1944 முதல் 1946 வரை கலிபோர்னியாப் பல்கலைக்கழக வாயிலாகப் பல பகுதிகளாக வெளியிட்டார். கோத்தர் மொழி தமிழுக்கு மிக நெருங்கிய திராவிட மொழி. யாம் புலவர் வகுப்பிற் பயின்ற காலத்தில் அந்நூலின் பெயரை எம் ஆசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டு நாணினோம். எம் ஹட்டியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஒரு மொழியின் பெருமை, கடல்கடந்து அச்சேறிய நூலின் வாயிலாக எம் செவிக்கு எட்டிற்று.

எம் பாட்டியார் பிறந்தது 1918-இல். அவர் திருமணத்தில் கோத்தர் இசைத்தனர். அக்கூட்டத்தில் தந்தையோடு முழவு தூக்கி வந்த சிறுவனே பின்னாளில் எம் சந்தைக் கிழவர். சில ஆண்டுகளில் ஊர்க்கட்டு வந்தது. இசை நின்றதோடு தானியமும் நின்றது. எம் பாட்டனார் கட்டை மீறவில்லை. மீறவும் அக்காலத்தில் இயலாது. பாட்டியார் மட்டும், ஊர்க்கட்டு ஊருக்குத்தானே, சந்தைக்கு இல்லையே என்று எண்ணினார் போலும். உதகை அங்காடியில் யார் யார்க்கு எதை அளந்தாலும் கேட்பாரில்லை. அறுபதாண்டு அளவு அவர் அவ்வாறு அளந்துவந்தார்.

1995-ஆம் ஆண்டு அவர் காலமானார். எமக்கு அப்போது வயது பதினான்கு. ஹட்டியின் நடுவில் அவரைக் கிடத்தியிருந்தனர். கீழ்நாட்டிலிருந்து அழைத்த பேண்டு வாத்தியக்காரர் முழக்கிக்கொண்டிருந்தனர். நண்பகல் அளவில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பாதையில் அம்முதியவர் வருவதைக் கண்டோம். உடன் இருவர். ஒருவர் கையில் முழவு, மற்றவர் தோளில் கொம்பு. முதியவர் கொள்ளைத் துணியிற் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். எவரும் அவர்க்குச் சொல்லி அனுப்பவில்லை. செவ்வாயன்று பாட்டியார் வாராமையால் அவரே வினவி அறிந்திருத்தல் வேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள் சிலர் எழுந்து சென்று அவரோடு பேசினர். கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை, அதனையும் சொல்லவேண்டும். ஊர்க்கட்டு உண்டென்றும், ஒருவர்க்கு விட்டால் நாளை வழக்காகிவிடும் என்றும், தேநீர் அருந்திச் செல்லவேண்டும் என்றும் பணிவோடே கூறினர். அவர் தேநீரை வாங்கிக்கொள்ளவில்லை. சிறிதுநேரம் தேயிலைச் செடிகளின் ஓரத்தில் நின்றார். பின்னர் மூவரும் வந்தவழியே திரும்பினர். துணி அவிழாமலே இருந்தது. எமக்கு ஓடிச்சென்று அவர் கையைப் பிடிக்கவேண்டும் என்று தோன்றிற்று. ஓடவில்லை. பதினான்கு வயதில் ஊரை எதிர்த்து ஓடும் துணிவு எமக்கில்லை; அதன்பின் முப்பதாண்டு கழிந்தும் இதனை இச்சபையில் சொல்லும் துணிவு இன்றுதான் வந்தது. அடுத்த செவ்வாயன்று யாம் சந்தைக்குச் சென்றபோது அவர் அங்கே இல்லை. பின்னரும் அவரைக் கண்டோமில்லை.

இக்காலச் சந்தைக்கு வருவோம். உழவர் தரகரிடம் இழந்ததை மீட்க நம்மவர் முயன்றது புதிதன்று. நம் எச்.பி. ஆரி கௌடர் அவர்களின் உழைப்பால் 1935-இல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. மேட்டுப்பாளையத்து மண்டிகளில் நம் உருளைக்கிழங்கு பட்ட பாடே அதற்குக் காரணம். பின்னர் 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தையைத் தமிழக அரசு தொடங்கி, அத்திட்டம் நம் மலைக்கும் வந்தது. அடையாள அட்டை பெற்ற உழவர் தம் விளைவைத் தாமே விற்பர். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றாட விலையை அதிகாரிகள் பலகையில் எழுதுவர். நல்ல ஏற்பாடு. ஆயினும் மலைக்காரட்டிற் பெரும்பகுதி இன்றும் இயந்திரத்திற் கழுவுண்டு, இரவு லாரியில் மேட்டுப்பாளையம் இறங்கிவிடுகின்றது. விளைவித்தவன் விடிந்தபின்பே தன் விலையைத் தொலைபேசியிற் கேட்டறிகின்றான். ஆதலின் நம் சங்கம் ஞாயிற்றுச் சந்தை நடத்துவதை யாம் முழுமனத்தோடு வரவேற்கின்றோம். இருபது குடும்பங்கள் தம் விலையைத் தம் வாயாற் சொல்லும் இடம் ஒன்று ஏற்படுமாயின் அதுவே போதும்.

இசையும் இருக்கட்டும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பைக் பிளேஸ் அங்காடி, தரகரால் வெங்காய விலை ஏறியது கண்டு, உழவர் தாமே விற்கட்டும் என்று 1907-இல் தொடங்கப்பெற்றது. இன்றும் அங்கே இசைவாணர் உரிமைச்சீட்டுப் பெற்று, தரையிற் குறித்த இடங்களில் முறைவைத்து நின்று இசைக்கின்றனர். நம் இளைஞர் ஒருவர் இதனைக் கைப்பேசியில் எமக்குக் காட்டி, நமக்கும் இவ்வாறு வேண்டும் என்றார். அவரிடம் யாம் கேட்டது, அங்கே ஒலிபெருக்கி எங்கே என்பதே. அவர் தேடிப் பார்த்துச் சிரித்தார். விலை பேசும் குரலை அமுக்கும் இசை சந்தைக்கு ஆகாது. அமுக்கப்படும் அக்குரலும் ஓர் இசையே.

ஆகவே எம் வேண்டுகோள் இது: ஞாயிற்றுச் சந்தையில் இசைக்கக் கோத்தரை நாம் கேட்டுப் பார்த்தல் வேண்டும். ‘அழைத்தல்’ என்று சொல்லாமல் ‘கேட்டல்’ என்றோம். முன்னாள் முறைப்படி ஆளனுப்பி வரச்சொல்வது இனி ஒருகாலும் கூடாது. நம் சங்கத்து மூத்தோர் அவர்கள் ஊருக்குச் சென்று, அவர்கள் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் தரும் தேநீரை அருந்திக் கேட்கவேண்டும். சாவுக்கோ சடங்குக்கோ அழைக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அவர்தம் இசையில் தெய்வத்துக்குரியன, ஈமத்துக்குரியன, ஆட்டத்துக்குரியன என்ற பிரிவுகள் உண்டு. சந்தையில் எதை இசைக்கலாம், எதை இசைக்கலாகாது என்பதை அவர்களே சொல்லட்டும். ஆட்ட இசை ஒன்றே தருவோம் என்றால் அது நமக்கு மிகுதி. திரைப்பாட்டுக் குழுவுக்குப் பேசிய தொகைக்கு ஒரு காசும் குறையாமல் அவர்க்குக் கொடுத்தல் வேண்டும். அவர்களும் விளைவு கொணர்ந்தால் நம்மவர்க்கு உள்ளவாறே அவர்க்கும் முன்வரிசையில் கடையிடம் தருதல் வேண்டும்.

அவர்கள் மறுக்கலாம். மறுப்பதற்கு அவர்க்குக் காரணம் உண்டு. ‘அன்று தாழ்வென்று நிறுத்தினீர்கள், இன்று அழகென்று கேட்கின்றீர்கள்’ என்று அவருள் ஒருவர் சொன்னால், எம்மிடம் விடையில்லை. கேட்டுக்கொண்டு திரும்பவேண்டியதுதான். நம் பெரியவர்கள் சிலரும் மறுக்கலாம். அறுத்த உறவை ஒட்டப் புகுந்தால் பழைய உயர்வு தாழ்வும் உடன் வந்துவிடும் என்று அவர்கள் அஞ்சுவது முற்றும் தவறென்று யாம் சொல்லமாட்டோம். அதனை இச்சபையில் வெளிப்படையாக வாதிக்கலாம். ஒலிபெருக்கிக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் வாதிக்க இடமிராது.

மேசைமேல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றோம். உடன்வர இசைவோர் பெயர் எழுதுக. டிசம்பர், ஜனவரி மாதங்களில் கோத்தர் தம் தெய்வத்துக்கு விழா எடுப்பர். அப்போது சென்று இடையூறு செய்யலாகாது. விழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போதலே முறை. வண்டிச் செலவை அவரவர் ஏற்றல் வேண்டும். அன்று எம் தோட்டத்து அவரைப் பருப்பு அரைப்படி எம் பையில் இருக்கும். அது எம் வீட்டுக் கணக்கு. சங்கக் கணக்கில் அதனை எழுதவேண்டுவதில்லை.